கடைசி அடி வரை பிரேக்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் பைக் ஓட்டப் பழகியவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு உபதேசங்களைத் தவறாமல் சொல்வார்கள். ஒன்று, ‘முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்.’ இன்னொன்று, ‘இனிமே தப்பிக்க வழியில்லன்னு தெரிஞ்சா யோசிக்காம வண்டியப் படுக்கப் போட்டுடு.’ எந்த டிரைவிங் ஸ்கூலும் இவற்றைச் சொல்லித்தரவில்லை. அந்நாளில் பைக் பழக டிரைவிங் ஸ்கூல் போனவர்களே அரிது. அண்ணன் தம்பிக்கும், சித்தப்பா அண்ணன் மகனுக்கும், பட்டறை மெக்கானிக் சர்வீஸுக்கு விட்ட வண்டியை எடுக்கவந்த பையனுக்கும் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறையின் கைகால்களில் அவை ஊறிப்போயின. அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால் எனக்கும் அவை மனப்பாடம். இன்று அதே தலைமுறை தன் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித் தருகிறது. சாவியைக் கொடுக்கும்போது கூடவே இந்த இரண்டு உபதேசங்களையும் கொடுத்து அனுப்புகிறது. முதலாவது காலாவதியாகிவிட்டது, இரண்டாவது எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை என்பதே என் கட்சி. மோதல் தவிர்க்க முடியாதது என்று தோன்றும் கணத்தில் பைக் ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வண்டியை நிமிர்ந்த நிலையிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்குகளையும், அதிலும் முக்கியமாக முன் பிரேக்கை, கடைசி அடி வரை பிடித்துக்கொண்டே இருப்பது.

பழைய உபதேசத்துக்கு உரிய நியாயத்தை முதலில் கொடுத்துவிடலாம். அது விவரம் தெரியாதவர்கள் கட்டிவிட்ட கதை அல்ல. திருவொற்றியூரில் தயாரான என்ஃபீல்டு புல்லட், மைசூரில் தயாரான எஸ்டி, ராஜ்தூத், 1985இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, அதே காலத்து ஹீரோ ஹோண்டா சிடி 100 எல்லாவற்றுக்கும் முன்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். பிரேக் ஷூ தேய்ந்திருக்கும், கேபிள் துருவேறி இறுகியிருக்கும். மழைநாளில் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் முதலில் பிடிக்கவே பிடிக்காது, பிறகு சட்டென்று கவ்வும். சேத்தக் ஸ்கூட்டரின் பத்து அங்குலச் சக்கரம் சின்னக் குழிக்கே தடுமாறும். புல்லட்டில் கியர் வலது காலுக்கும் பின் பிரேக் இடது காலுக்கும் இருந்தன. மற்ற பைக்குகளில் நேர்மாறு. ஒன்றில் பழகிவிட்டு இன்னொன்றை ஓட்டுபவர் பதற்றத்தில் பிரேக் என்று நினைத்து கியரை மிதிக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. டயர் மொட்டையாகும் வரை ஓடும். ஊர்ச் சாலைகளில் தாரைவிட ஜல்லியும் மணலும் அதிகம். அப்படிப்பட்ட வண்டியில், அப்படிப்பட்ட சாலையில் முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கியவர்கள் விழுந்தார்கள். பார்த்தவர்கள் பாடம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் ‘சட்டென்று இறுக்காதே’ என்பதாக இருந்திருக்க வேண்டும். ‘தொடாதே’ என்று ஆகிவிட்டது. முன் பிரேக்கை ஒதுக்கிவைத்தால் நிறுத்துவதற்கு மிஞ்சுவது பின் பிரேக் மட்டுமே. அதை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் சுழலாமல் இறுகி, வண்டியின் பின்பாகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், வண்டி படுத்துவிடும். முதல் உபதேசத்தைக் கடைப்பிடித்தவருக்கு இரண்டாவது தானாகவே நடந்துவிடும். நிறுத்தத் தெரியாத கைகளுக்கு விழுவதே ஒரு உத்தியாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

படுக்கப் போடும் வழக்கத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வண்டி தரையோடு தேய்ந்துகொண்டு போனால் வேகம் சீக்கிரம் குறையும் என்பது அது. இரும்பு தேய்ந்து, தீப்பொறி பறந்து, காதைக் கிழிக்கும் சத்தத்தோடு ஒரு வண்டி சறுக்கிப் போவதைப் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் சத்தமும் தீப்பொறியும் பிரேக் ஆகாது. சாலையைப் பற்றிப் பிடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் வண்டியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது டயரின் ரப்பர். காய்ந்த தார்ச் சாலையில் நல்ல டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.7 முதல் 0.9 வரை இருக்கும். படுத்துச் சறுக்கும் வண்டி தரையைத் தொடுவது ஃபுட்ரெஸ்ட், கிராஷ் கார்டு, சைலன்சர், ஹேண்டில்பார் முனை ஆகியவற்றால். இரும்பும் பிளாஸ்டிக்கும் தாருக்கு மேல் வழுக்கத்தான் செய்யும். வண்டிக்கு வண்டி, சாலைக்குச் சாலை மாறினாலும் அதன் உராய்வு டயரின் பிடியில் ஏறக்குறைய பாதி அளவில்தான் நிற்கிறது. வண்டியிலிருந்து பிரிந்து தனியாக உருளும் மனித உடல் வண்டியைவிடக் கொஞ்சம் முன்னதாகவே நின்றுவிடலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே பிரேக் ஷூவின் வேலையைச் செய்வது சட்டையும், அது கிழிந்த பிறகு தோலும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக்குக்கு முன்னால் ஒரு கார் குறுக்கே வந்து நிற்கிறது. கை பிரேக்குக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில் மிச்சமிருப்பது 15 மீட்டர். நிமிர்ந்தபடியே 0.7 அளவுக்கு பிரேக் பிடித்தால், மோதும்போது வேகம் மணிக்கு 30 கி.மீ. சொச்சம். படுக்கப் போட்டு 0.4 உராய்வில் சறுக்கினால் மோதும் வேகம் 45 கி.மீ.க்கு மேல். முப்பதுக்கும் நாற்பத்தைந்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றலாம். ஆனால் அடியின் வலு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவது; ஆகவே இரண்டாமவர் வாங்கும் அடி முதலாமவரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 30 கி.மீ. வேகத்தில் மோதுவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 45 என்றால் அது இரண்டாவது மாடியையும் தாண்டிய உயரம். மிச்சமிருக்கும் தூரம் 20 மீட்டராக இருந்தால் வித்தியாசம் இன்னும் கொடியது. நிமிர்ந்து பிடித்தவர் காரை உரசும் அளவில் ஏறக்குறைய நின்றேவிடுவார். சறுக்கிப் போனவர் 40 கி.மீ. வேகத்தில் போய் அடிபடுவார். இதில் படுக்கப் போடுவதற்கு ஆகும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. வண்டியைச் சாய்த்து, அது தரையைத் தொடும் வரை கழியும் அரை விநாடியில் எந்த பிரேக்கும் வேலை செய்வதில்லை, 60 கி.மீ. வேகத்தில் அந்த அரை விநாடிக்குள் எட்டு மீட்டர் காணாமல் போயிருக்கும்.

கணக்கைவிட முக்கியமான காரணம் இன்னொன்று உண்டு. ‘இனித் தப்ப முடியாது’ என்பது நடந்து முடிந்த உண்மை அல்ல. பதறிப்போன மூளை ஒரு நொடியில் எழுதும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பல சமயம் தவறு. எதிரே திரும்பிய கார் ஓட்டுநரும் அதே நொடியில் நம்மைப் பார்த்து பிரேக் போடுகிறார், அல்லது வேகத்தைக் கூட்டிக் கடந்துவிடுகிறார். குறுக்கே வந்த மாடு இரண்டடி நகர்கிறது. லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம் திறக்கிறது. நிமிர்ந்திருப்பவரிடம் பிரேக்கும் ஹேண்டில்பாரும் கடைசி வரை இருக்கின்றன. திறந்த இடத்தை அவர் பயன்படுத்திக்கொள்ளலாம். படுத்தவரிடம் எதுவும் இல்லை. தடை விலகிப்போனாலும் அவர் விழுந்தது விழுந்ததுதான். வரலாமா வேண்டாமா என்று இருந்த விபத்தை அவரே உறுதிசெய்துவிடுகிறார். பின்னால் வரும் பஸ்ஸுக்கு முன்னால், சாலையின் நடுவில், படுத்த நிலையில் கிடப்பது என்ன என்பதை நம் நெடுஞ்சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

முன் பிரேக்கைப் பற்றிய பயத்துக்கு வருவோம். வண்டி வேகம் குறையும்போது அதன் எடை முன்பக்கம் சாய்கிறது. முன் ஃபோர்க் அமுங்குவது அதனால்தான். கடுமையாக பிரேக் பிடிக்கும் நேரத்தில் மொத்த எடையில் எண்பது சதவீதத்துக்கும் மேல் முன்டயர் மீதே உட்கார்ந்திருக்கும். எடை எங்கேயோ பிடியும் அங்கேதான். சாலையைக் காற்றாய்த் தொட்டுக்கொண்டிருக்கும் பின்டயர் எவ்வளவு மிதித்தாலும் இறுகிச் சறுக்குவதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. ஆனால் முன்பக்கம் எடை ஏற ஒரு சிறு பொழுது தேவை. கையின் வேலை எல்லாம் அந்தச் சிறு பொழுதைப் பொறுத்தது. முதலில் வலது கை ஆக்ஸிலேட்டரை முழுவதும் மூடுகிறது. இரண்டு விரல்களோ நான்கு விரல்களோ லீவருக்குப் போய், அதன் தளர்வை எடுத்து, பிரேக் பேட் டிஸ்க்கைத் தொடும் இடம் வரை இழுக்கின்றன. ஃபோர்க் இறங்கத் தொடங்குகிறது. உள்ளங்கை அளவே இருந்த டயரின் தடம் அழுந்தி அகலமாகிறது. இப்போதுதான் பலமாக இறுக்க வேண்டும். டயர் தாங்கும் வரை கூட்டிக்கொண்டே போக வேண்டும். இத்தனையும் சேர்ந்து அரை விநாடிக்குள் முடிகிற வேலை. ஈரத்துணியைப் பிழிவதுபோல் கூட்டிக்கூட்டி இறுக்குபவரை முன் பிரேக் தூக்கி அடிப்பதில்லை. எடை ஏறுவதற்கு முன்பே ஓங்கிப் பிடிப்பவரைத்தான் அடிக்கிறது. அப்படியே முன்சக்கரம் இறுகி வழுக்கினாலும் லீவரைச் சற்றுத் தளர்த்தி மறுபடி பிடித்தால் சக்கரம் சுழலத் தொடங்கிவிடும். பின்சக்கரம் இறுகி வண்டியின் பின்பாகம் ஒதுங்கிவிட்டால் வைத்தியம் வேறு: அந்த நிலையில் பின் பிரேக்கைச் சட்டென்று விட்டால் டயர் திடீரென்று பிடித்து ஓட்டுபவரை எதிர்ப்பக்கம் தூக்கி எறியும். ஆகவே அதை அப்படியே மிதித்தபடி, பார்வையை நேரே வைத்து நிற்பதே மேல்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை என்பதற்குச் சாட்சி உண்டு. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்தது. 3,600 போலீஸ் அறிக்கைகளையும் படித்தது. 1981இல் வெளியான அந்த அறிக்கை இன்றும் இந்தத் துறையின் அடிப்படை நூல். ஆபத்து தலைகாட்டியதிலிருந்து மோதல் வரை கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு என்றது அது. அந்த இரண்டு விநாடியில் ஓட்டியவர்கள் செய்தது என்ன? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்துச் சறுக்கினார்கள், முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை; ஹேண்டில்பாரைத் தள்ளி விலகும் திறன் அநேகமாக யாரிடமும் இல்லை. விபத்தில் சிக்கியவர்களில் 92 சதவீதம் பேர் தானாகவோ வீட்டார், நண்பர்களிடமோ வண்டி கற்றவர்கள். ஆபத்துக்கு முன்னால் அவர்கள் போன வேகத்தின் இடைநிலை மணிக்கு சுமார் 48 கி.மீ.; மோதும்போது 35 கி.மீ. தலைதெறிக்கப் போனவர்கள் அல்லர். காய்கறி வாங்கப் போகிற வேகத்தில் போனவர்கள்தாம். அதாவது நன்றாக பிரேக் பிடித்திருந்தால் விபத்தின் முகமே மாறியிருக்கும் வேகத்தில்.

அமெரிக்கா, பெரிய வண்டிகள், நாற்பது ஆண்டுக்கு முந்தைய சங்கதி. நம் ஊருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இருபது ஆண்டு கழித்து ஃபிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் மெயிட்ஸ் என்ற பெயரில் 921 விபத்துகள் ஆராயப்பட்டன. அவற்றில் சிறிய மொபெட்டுகளும் அடக்கம். அங்கேயும் மோதல் வேகங்கள் பெரும்பாலும் 50 கி.மீ.க்குக் கீழேதான் இருந்தன. நம் ஊர்ச் சாலை வேறு, நெரிசல் வேறு, வண்டி வேறு என்பதெல்லாம் சரி. ஆனால் ரப்பர் இரும்பைவிட நன்றாகப் பிடிக்கும் என்பதற்கு நாடு கிடையாது. அண்ணனிடம் வண்டி கற்றவர்கள் லாஸ் ஏஞ்சலஸைவிட நம் ஊரில் குறைவு என்று சொல்லவும் யாரும் துணியமாட்டார்கள். வேறுபாடு இருப்பதெல்லாம் நம் பக்கம் ஆபத்தைக் கூட்டும் வேறுபாடுதான்.

எதிர்வாதங்களில் வலுவானது அனுபவத்திலிருந்து வருகிறது. ‘படுக்கப் போட்டதால்தான் நான் இன்று உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். முழங்கையில் தழும்பைக் காட்டிச் சொல்லும்போது மறுப்பது கஷ்டம். ஆனால் இந்தக் கதை யாரிடமிருந்து நமக்கு வந்து சேருகிறது என்று பார்க்க வேண்டும். படுக்கப் போட்டு லாரிச் சக்கரத்துக்குள் போனவர் வந்து கதை சொல்வதில்லை. நிமிர்ந்தபடி பிரேக் பிடித்து, ஒரு அடி இடைவெளியில் நின்றவரிடம் சொல்லக் கதையே இல்லை. மூச்சு வாங்கிவிட்டு, கார்க்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, வேலைக்குப் போய்விட்டார். டீக்கடைக்கு வந்து சேர்வது படுக்கப் போட்டுப் பிழைத்தவரின் கதை ஒன்றுதான். அதிலும் ‘போட்டேன்’ என்பதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கலாம். இரண்டு விநாடிக்குள் யோசித்து, முடிவெடுத்து, வேண்டுமென்றே வண்டியைச் சாய்ப்பது பழகிய கைக்கும் கடினம். பின் பிரேக்கை ஓங்கி மிதித்ததும் வண்டி தானாக விழுந்திருக்கும். விழுந்ததை விழுத்தாட்டியதாக நினைவு பிறகு திருத்தி எழுதிக்கொண்டிருக்கும். அது பொய் அல்ல. நினைவின் குணமே அது. ஆனால் பிறருக்கு உபதேசமாகும்போது அது ஆபத்து.

இரண்டாவது எதிர்வாதம், நிமிர்ந்து மோதினால் தூக்கி எறியப்படுவோமே என்பது. உண்மைதான், எறியப்படலாம். காரின் பக்கவாட்டில் நிமிர்ந்து மோதுபவர் பானட்டுக்கு மேலே போய் விழக்கூடும். அது நல்ல முடிவு அல்ல. ஆனால் சறுக்கிப் போகிறவர் எங்கே போகிறார்? காரின் சக்கரத்துக்கும் அடிப்பாகத்துக்கும் போகிறார், தலையோ மார்போ முதலில் போய்ச் சேர. வாகனம் லாரியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதன் பக்கவாட்டு இடைவெளியில் புகுந்து மறுபக்கம் வெளியே வருவது சினிமா ஸ்டண்டுக்குப் பொருந்தும். நிஜத்தில் லாரி ஓடிக்கொண்டிருக்கும், பின்சக்கரங்கள் வந்துகொண்டிருக்கும். மூன்றாவதாக, ரேஸ் வீரர்கள் விழுந்து சறுக்கி எழுந்து நடப்பதை டிவியில் பார்க்கிறோமே என்பார்கள். சோழவரத்து ஓடுதளத்தில் ரேஸ் பார்த்த பழைய தலைமுறையும் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் புதிய தலைமுறையும் இதைக் கேட்கின்றன. பந்தய வீரர் உடம்பு முழுக்கத் தோல் உடை அணிந்திருக்கிறார். மோட்டோஜிபியில் 2018 முதல் காற்றுப்பை கொண்ட உடை கட்டாயம். அவர் சறுக்கிப் போகும் திசையில் ஜல்லிப் படுகை காத்திருக்கிறது. புளியமரமும் மீடியன் கல்லும் எதிரே வரும் டவுன் பஸ்ஸும் அங்கே இல்லை. அவர்கூட வேண்டுமென்று விழுவதில்லை. எல்லை வரை பிரேக் பிடித்துப் பார்த்து, முடியாமல் விழுகிறார்.

நான்காவது எதிர்வாதத்தில்தான் உண்மையான கனம் இருக்கிறது. இரண்டு விநாடியில் இதையெல்லாம் யோசிக்க முடியுமா? முடியாது. அதனால்தான் பழக்கம் வேண்டியிருக்கிறது. பதற்றத்தில் மனிதன் யோசித்துச் செய்வதில்லை, பழகியதைச் செய்கிறான். பின் பிரேக் மட்டுமே பழகிய கால் அதையே மிதிக்கும். ஹார்ன் பழகிய கட்டைவிரல் ஹார்னையே அழுத்தும். நம் ஊர்களில் ஆபத்தைக் கண்டதும் முதலில் இயங்குவது இடது கட்டைவிரல்தான். ஹார்ன் அடித்ததையே ஏதோ செய்துவிட்டதாக மனம் எடுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் நம் உரிமத் தேர்வையும் சொல்லியாக வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் லைசென்ஸ். எட்டு போடுவது மெதுவாகப் போகும்போது நிதானம் இருக்கிறதா என்று பார்ப்பது, வேண்டியதுதான். ஆனால் 40 கி.மீ. வேகத்திலிருந்து எத்தனை மீட்டரில் நிறுத்துகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. வாழ்நாளில் ஒரு முறைகூட முழு பலத்தோடு பிரேக் பிடித்துப் பார்க்காதவர் முதல்முறையாக அதைச் செய்யும் நாள், விபத்து நடக்கும் நாளாக இருக்கிறது.

அதற்குப் பரிகாரம் எளிது, செலவும் இல்லை. ஒவ்வொரு ஊர் ஓரத்திலும் மனை பிரித்துப் போட்டு இன்னும் வீடு வராத நகர்ச் சாலைகள் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத அத்தகைய சாலையில், ஹெல்மெட் மாட்டி ஸ்ட்ராப்பும் போட்டுக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி முன் பிரேக்கை மட்டும் கூட்டிக்கூட்டி இறுக்கிப் பழகலாம். கை பயம் தெளிந்த பிறகு 30, 40 என்று ஏற்றி, இரண்டு பிரேக்கையும் சேர்த்து. முழங்கால்களால் பெட்ரோல் டாங்கைக் கவ்வ வேண்டும். உடல் எடை கைகளில் இறங்கினால் லீவரை அளந்து பிடிக்க முடியாது. கால்கள் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்க வேண்டும். பதறிப்போய் இரண்டு காலையும் தொங்கவிடும் வழக்கம் பின் பிரேக்கையும் இழக்கச் செய்து, கணுக்காலையும் காவு கொடுக்கும். பார்வை தூரத்தில் இருக்க வேண்டும். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். நிற்கும் லாரியையே வெறித்துப் பார்ப்பவர் லாரியில்தான் போய் நிற்பார், லாரிக்குப் பக்கத்தில் உள்ள வெற்றிடத்தைப் பார்ப்பவர் வெற்றிடத்துக்குப் போவார். விலக இடம் இருக்கிறது என்று தெரிந்தால் முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு, பிறகு விலக வேண்டும். டயரிடம் உள்ள பிடி அளவானது. நிறுத்தவும் திருப்பவும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்டால் இரண்டையும் தராது. இடப்பக்கம் போக இடது ஹேண்டில்பாரை முன்னால் தள்ள வேண்டும் என்பதையும் அதே சாலையில் பழகிக்கொள்ளலாம்.

விதிவிலக்குகள் இல்லையா என்றால், சாலையில் மணல் கொட்டிக் கிடக்கும்போதும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லோ கேழ்வரகோ காயும்போதும், மழையின் முதல் பத்து நிமிடத்தில் எண்ணெயும் தூசும் குழைந்திருக்கும்போதும் டயரின் பிடி பாதியாகிவிடும். அங்கே இறுக்கம் குறைய வேண்டும். இறுக்கம்தான் குறைய வேண்டுமே தவிர முறை மாறுவதில்லை. நாய் குறுக்கே வந்தால் பலரும் சட்டென்று ஒடிக்கிறார்கள். ஒடித்த திசையில் பின்னால் வரும் கார் இருக்கிறது. நேராக, நிமிர்ந்தபடி, முடிந்தவரை வேகத்தைக் குறைத்து, இடிக்கும் கணத்துக்குச் சற்று முன் பிரேக்கை விட்டு ஹேண்டில்பாரை உறுதியாகப் பிடிப்பதே ஓட்டுபவரின் உயிருக்குப் பாதுகாப்பு. ஏபிஎஸ் இருந்தால் இதெல்லாம் வேண்டாமே என்பார்கள். 1988இல் பிஎம்டபிள்யூ கே100 வண்டியில் வந்த அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், பழைய மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் கட்டாயமானது. 125 சிசி வரை உள்ளவற்றுக்கு இரண்டு பிரேக்கையும் இணைக்கும் சிபிஎஸ் போதும் என்றது விதி. முன் பிரேக் பயத்துக்கு ஏபிஎஸ் நல்ல மருந்து, சக்கரம் இறுகவிடாது. ஆனால் லீவரைப் பிடிக்காதவருக்காக ஏபிஎஸ் பிரேக் பிடிப்பதில்லை. சிபிஎஸ்ஸோ, பின் பிரேக்கை அழுத்தும்போது முன்பக்கம் கொஞ்சம் பிடிக்கும், முழுதாகப் பிடிக்காது. பழைய உபதேசத்தோடு புதிய வண்டி ஓட்டுபவர் அதற்குக் கொடுத்த பணத்தில் பாதியை வீணடிக்கிறார்.

எல்லாம் செய்தும் மோதல் நடந்தே தீருமானால்? நடக்கட்டும், அதற்குள் கழித்த ஒவ்வொரு கிலோமீட்டர் வேகமும் வரவுதான். கடைசி வரை பிரேக்கில் இருங்கள். குதிக்க நினைக்காதீர்கள்; குதிப்பவர் வண்டியின் வேகத்தையே தன் உடலில் சுமந்துகொண்டு குதிக்கிறார். தரையில் விழுந்துவிட்டால் மட்டும் வண்டியை விட்டுவிட வேண்டும், அதோடு சேர்ந்து இழுபடக் கூடாது. கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டும் காறை எலும்பும் முறியும். கைகளை உடலோடு ஒடுக்கிக்கொள்ள வேண்டும். முழுதாக நின்றுவிட்டோம் என்று உறுதியாகும் வரை எழ முயலக் கூடாது. தலையைக் காப்பது ஹெல்மெட். சரியாக அணிந்த ஹெல்மெட் மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கோக்ரேன் ஆய்வு சொல்கிறது. கண்ணாடியில் தொங்கும் ஹெல்மெட்டுக்கும், டாங்கின் மேல் உட்கார்ந்து வரும் ஹெல்மெட்டுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். அவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக எண்ணிக்கையில் விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. இத்தனை மரணங்களுக்கும் பிரேக் தெரியாததே காரணம் என்று சொல்ல மாட்டேன். குடியும், எதிர்த்திசையில் வருவதும், குழியும், இருட்டும், பெரிய வாகனங்களின் அலட்சியமும் அதில் பங்காளிகள். அவற்றைத் திருத்த அரசும் போலீஸும் சாலை போடுபவர்களும் வேண்டும். வலது கையின் விரல்களைத் திருத்த மட்டும் யாருடைய அனுமதியும் வேண்டாம். வீட்டில் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ வண்டிச் சாவியைக் கொடுக்கும் அப்பாக்களும் அண்ணன்களும் அந்த இரண்டு பழைய உபதேசங்களையும் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களை ஆளில்லாத ஒரு சாலைக்கு அழைத்துப்போய், முன் பிரேக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்.